வெங்காயத்தாமரை வந்த வழி

என்னைக் கட்டிக்கொடுத்தது எழுபதுகளின் முற்பாதியில். போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், இடுக்கி மலையில் ஒரு ஏலத்தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். அப்பாவுக்கு ஸ்டோரில் வேலை. பச்சை ஏலக்காயைப் பதமாகக் காய வைக்கிற கட்டடத்துக்கு ஸ்டோர் என்று பெயர். அம்மா காட்டுக்குள் போய்க் காய் எடுப்பாள். நான் தோட்டத்துப் பள்ளியில் எட்டாவது வரை படித்தேன். அதற்கு மேல் படிக்க அங்கே வகுப்பு இல்லை.

மாப்பிள்ளை வீடு போடிக்குக் கிழக்கே ஒரு சின்ன ஊர். கண்மாய்க்குக் கீழே அவர்களுக்கு நெல் வயல் இருந்தது. கல்யாணம் முடிந்து நான் பஸ்ஸில் மலை இறங்கியபோது மடியில் ஒரு தகர வாளி வைத்திருந்தேன். வாளிக்குள் தண்ணீர், தண்ணீரில் ஒரே ஒரு செடி. முதலாளி பங்களாவுக்குப் பின்னால் சிமெண்டுத் தொட்டியில் வளர்த்திருந்த செடி அது. ஊதா நிறத்தில் கொத்தாகப் பூக்கும், மேல் இதழில் மட்டும் மயிலிறகுக் கண் மாதிரி ஒரு மஞ்சள் பொட்டு இருக்கும். பங்களாவைப் பெருக்கித் துடைக்கிற சேச்சி அதைக் குளவாழை என்பாள். எனக்கு அந்தப் பூ பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியும். என் கையில் வைக்க அவளிடம் வேறு எதுவும் இல்லாததால் செடியில் ஒன்றைப் பிரித்துக் கொடுத்தாள்.

கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் திரும்பும்போதெல்லாம் தண்ணீர் சிந்தி என் கூறைச்சேலை நனைந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லாமல் வாளியை வாங்கித் தன் கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டார். அவர் அதிகம் பேசுகிற ஆள் இல்லை என்பது அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

புதுப்பெண்ணைப் பார்க்க வாசலில் கூடியிருந்த பெண்கள் வாளியைத்தான் முதலில் பார்த்தார்கள்.

"மலைக்காரி சீர்சாமானோட செடியையும்ல கொண்டாந்துருக்கா" என்றாள் பக்கத்து வீட்டு மதினி. முறைக்கு மதினி, என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

செடியை மாட்டுத் தொழுவத்துக் கல்தொட்டியில் விட்டேன். ஒன்று இரண்டானது, இரண்டு நாலானது. பூக்கவும் செய்தது. பிறகு தலைப்பிரசவத்துக்கு மலைக்குப் போய்விட்டேன். பிள்ளையோடு திரும்பி வந்தபோது தொட்டி கழுவிச் சுத்தமாக இருந்தது, செடி இல்லை. மாமியாரிடம் கேட்டேன்.

"எருமை தின்னுருச்சு போல ஆத்தா" என்றார் அவர்.

கைப்பிள்ளைக்காரிக்குச் செடியை நினைத்துக்கொண்டிருக்க நேரம் ஏது. அதோடு அதை மறந்துவிட்டேன். அந்தப் 'போல' பின்னால் என்னை எத்தனை பாடு படுத்தும் என்று எனக்கு அப்போது தெரியாது.

இரண்டு வருடம் கழித்து நல்ல மழை பெய்தது. மேலே இருந்த கண்மாய்கள் எல்லாம் நிரம்பி வழிந்து எங்கள் கண்மாயும் பெருகியது. தை மாதம் துணி துவைக்கப் போனபோது தண்ணீர் ஓரத்தில், நாணலுக்கு நடுவே ஊதாப்பூ ஒன்று தெரிந்தது. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஊருக்குப் போய் வந்த மாதிரி ஒரு நினைப்பு.

"எங்க மலையில இதைக் குளவாழைனு சொல்லுவோம்" என்று துவைத்துக்கொண்டிருந்தவர்களிடம் சொன்னேன்.

அவர்கள் அதைப் பறித்துப் பார்த்தார்கள். தண்டு நடுவில் வெங்காயம் மாதிரி உப்பி இருந்தது. அமுக்கினால் பஞ்சு போல அமுங்கியது. ஊரில் அதற்கு வெங்காயத்தாமரை என்று பெயர் வந்தது. சிலர் என் காதுபடவே மலைக்காரி பூ என்றும் சொன்னார்கள். முதலில் அது கேலிதான்.

அடுத்த வருடம் கண்மாயின் ஒரு மூலையை அது மூடிவிட்டது. அதற்கடுத்த வருடம் பாதிக் கண்மாய் போய்விட்டது. தண்ணீர் எடுக்கப் போனால் குடத்தை முக்க இடம் இல்லை, கையால் விலக்கி விலக்கி வழி பண்ண வேண்டும். விலக்கிய இடம் குடம் நிறைவதற்குள் மூடிக்கொள்ளும். மடையில் வேர் அடைத்து வயலுக்குத் தண்ணீர் நூல் மாதிரி வந்தது. கடைசி வயல்காரர்கள் நடவு போடுவதையே விட்டார்கள். கொசு பெருகிப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தது. அயிரையும் குறவையும் குறைந்து போயின. கண்மாயை மீன் குத்தகைக்கு எடுத்தவர் புதிதாகக் கொண்டு வந்து விட்ட ஜிலேபி மீன் மட்டும் அந்தப் பச்சைக்கு அடியிலும் பிழைத்துக் கிடந்தது.

கேலி எப்போது கோபமாக மாறியது என்று சொல்ல முடியவில்லை. பஸ்ஸில் வாளி வந்ததைப் பார்க்காதவர்கள்கூடப் பார்த்ததாகப் பேச ஆரம்பித்தார்கள். வாளி அண்டா ஆனது, ஒரு செடி ஒரு கூடைச் செடி ஆனது. நானே போய்க் கண்மாயில் கொட்டியதாக ஒருத்தி சொன்னாளாம்.

"எங்க செடி செத்துப்போச்சு. எருமை தின்னுருச்சு" என்று நான் சொல்வேன்.

"நீ பாத்தியா?" என்று கேட்பார்கள்.

நான் பார்க்கவில்லை. மாமியாரும் பார்க்கவில்லை. அவரிடம் யாராவது கேட்டால், "இருந்த செடியைக் காணோம், வேற என்ன ஆகியிருக்கும்" என்பார். அதற்கு மேல் அவரால் சத்தியம் பண்ண முடியாது. என் வீட்டுக்காரர் வாயே திறக்க மாட்டார். பேச்சு எடுத்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போய்விடுவார். ஊர் பேசியதைவிட அவர் பேசாததுதான் எனக்கு வலித்தது.

பிறகு மதினி வீட்டுப் பசு செத்தது. மேய்ந்துகொண்டு போன பசு கண்மாய் ஓரத்துப் பச்சையைத் தரை என்று நினைத்துக் காலை வைத்துவிட்டது. அடியில் ஆழம். வேர்கள் பின்னிக்கொண்டு நீந்தவும் முடியவில்லை. ஆட்கள் கயிற்றோடு ஓடி வருவதற்குள் மூச்சு நின்றுவிட்டது. கன்று போட்டு மாதம் ஆகாத பசு. அந்தப் பாலைக் கூட்டுறவுப் பால் வண்டிக்கு ஊற்றித்தான் மதினி குடும்பம் நடத்தினாள்.

நான் துக்கம் கேட்கப் போனேன். மதினி தொழுவத்தில் கன்றுக்குட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னை நிமிர்ந்து பார்த்து மெதுவாகச் சொன்னாள்: "நீ கொண்டாந்த பூவு எங்க வீட்டுப் பாலைக் குடிச்சிருச்சுல்ல."

அவள் கத்தியிருந்தால் நானும் ஏதாவது பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவள் கத்தவில்லை. நான் திரும்பி வந்துவிட்டேன். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் நடுவே பேச்சு இல்லை. விசேஷங்களுக்கு என்னை யாரும் முன்னால் நிற்கக் கூப்பிடவில்லை.

இதில் பெரிய கொடுமை, நானும் நம்ப ஆரம்பித்ததுதான். தொட்டித் தண்ணீரை வெளியே இறைத்திருப்பார்கள், அதோடு ஒரு துண்டு வேர் போயிருக்கும், வாசல் ஓடையில் விழுந்து மழையில் கண்மாய்க்கு இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்று அடுப்படியில் நிற்கும்போதெல்லாம் மனசு அந்த வழியிலேயே போய் வரும். ஒரு செடி ஒரு வருடத்தில் என்ன ஆகும் என்று என் தொட்டியிலேயே பார்த்தவள்தானே நான். மலைக்குப் போயிருந்தபோது அம்மாவிடம் சொன்னேன். "பூவுக்கு ஆசைப்பட்டதெல்லாம் ஒரு குத்தமாடி" என்று கேட்டு என் தலையைத் தடவினாள். அந்த ஆறுதலும் கீழே இறங்கி வரும் வரைக்கும்தான்.

எண்பதுகள் பிறந்த பிறகு ஒரு ஐப்பசியில் அடைமழை பிடித்தது. மூத்தவன் அப்போது ஒன்றாம் வகுப்பு. மூன்றாம் நாள் காலையில் மடைக்காரர் தெருவில் ஓடி வந்தார்.

"மறுகால் போகல. தண்ணி ஏறுது. வெரசா வாங்க எல்லாரும்" என்று ஒவ்வொரு வாசலிலும் சொல்லிக்கொண்டே போனார்.

கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் கலுங்கு வழியாக வெளியேறிக் கீழ்க் கண்மாய்க்குப் போகும். அதைத்தான் மறுகால் போவது என்பார்கள். அன்று மேலேயிருந்து வந்த வெள்ளம் கண்மாய் முழுக்கக் கிடந்த வெங்காயத்தாமரையை ஒன்றாகத் தள்ளிக்கொண்டு வந்து கலுங்கின் வாயில் அடைத்துவிட்டது. ஆள் ஏறி நின்றாலும் தாங்கும் போல இறுகி இருந்தது. தண்ணீர் போக வழியில்லாமல் கரையின் உச்சிக்கு ஒரு முழம் கீழே வந்து நின்றது. கரையில் ஓரிடத்தில் ஈரம் கசிந்து மண் சரிந்துகொண்டிருந்தது. அந்தக் கரைக்கு நேர் கீழேதான் எங்கள் தெரு.

நானும் அரிவாளை எடுத்துக்கொண்டு போனேன். மாமியார் பிள்ளைகளைக் கோயில் மேட்டுக்குக் கூட்டிப் போய்விட்டார். ஆண்கள் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு கலுங்குக் கல்லில் நின்று வெட்டினார்கள். ஆடுமேய்ப்பவர்களின் தொரட்டியையெல்லாம் வாங்கி வந்து, வெட்டியதை இழுத்து ஓரம் சேர்த்தார்கள். பெண்கள் நாங்கள் வரிசையாக நின்று அதை வாங்கிக் கரையில் ஏற்றினோம். இன்னொரு கூட்டம் உரச்சாக்கில் மண் நிரப்பிச் சரிந்த இடத்தில் அடுக்கியது. வேர்கள் கருகருவென்று முழங்கை நீளத்துக்குத் தொங்கின. ஒவ்வொரு கட்டும் ஊறின மெத்தை மாதிரி கனத்தது. எனக்கு முன்னால் நின்று எடுத்துக் கொடுத்தவள் மதினி. முகத்தைப் பார்க்காமல் கொடுத்தாள், நானும் பார்க்காமல் வாங்கினேன். மதியம் வரை அப்படியே நின்றோம்.

என் வீட்டுக்காரர் கலுங்கின் நடுக்கல்லில் நின்றார். அவர் வெட்டிக்கொண்டிருந்த பக்கம் திடீரென்று ஒரு வெடிப்பு விட்டது. தண்ணீர் அதில் நுழைந்ததும் மொத்தப் பச்சையும் அசைந்தது. "கயிறை இழுங்கடா" என்று யாரோ கத்த, அவரைக் கரைக்கு இழுத்துப் போட்டார்கள். அடுத்த கணம் ஒரு நெற்களமே பெயர்ந்து நகர்வது போல அந்தப் பெரிய திட்டு பூவும் இலையுமாகக் கலுங்கைத் தாண்டிக் கீழே போனது. பின்னாலேயே சேற்றுத் தண்ணீர் சத்தத்தோடு பாய்ந்தது.

கரையில் ஒரு குச்சியை நட்டு வைத்துத் தண்ணீர் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் விரல் அகலம் இறங்கியது, பிறகு ஒரு சாண். ஆளாளுக்கு நின்ற இடத்திலேயே சேற்றில் உட்கார்ந்தார்கள். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்து, "பிள்ளைக சாப்பிட்டுச்சா?" என்று கேட்டார். எனக்கு அழுகை வந்தது. தெரு பிழைத்துவிட்டது.

மழை விட்டபின் கீழ்க் கண்மாய்க்காரர்கள் டிராக்டரில் வந்தார்கள். எங்கள் கோயில் முன்னால் இறங்கி நின்றார்கள். நாங்கள் தள்ளிவிட்ட திட்டு அவர்கள் கண்மாயில் போய் உட்கார்ந்துவிட்டதாம். அவர்கள் கண்மாயில் அதுவரை ஒரு செடிகூட இருந்ததில்லை.

"உங்க பீடையை எங்க தலையில தள்ளிவிட்டுட்டீங்க. இது என்ன நாயம் மாமா?" என்று அவர்களில் ஒருவர் கேட்டார்.

எங்கள் ஊர் சார்பில் பேசியது மதினியின் வீட்டுக்காரர். "நாங்களா மாப்ளே விதைச்சோம்? அது மேலயிருந்து தண்ணியில வந்துச்சு. எங்களுக்கு வந்த மாதிரிதான் உங்களுக்கும் வந்துருக்கு" என்றார்.

நான் கோயில் சுவர் ஓரம் பெண்களோடு நின்றிருந்தேன். அந்த வார்த்தையைக் கேட்டு என் காதையே என்னால் நம்ப முடியவில்லை. இத்தனை வருடத்தில் ஒருவரும் சொல்லாத வார்த்தை அது.

வந்தவர் விடவில்லை. "மேலயிருந்தா? உங்க ஊர் மருமக ஒருத்தி மலையிலருந்து கொண்டாந்து விட்டுச்சுனுதான் நாங்க கேள்விப்பட்டோம்."

எல்லோர் முகமும் என் பக்கம் திரும்பியது. மதினியின் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். "அதெல்லாம் பொம்பளைக பேச்சு" என்றார். சொல்லிவிட்டுக் கீழே பார்த்தார். அந்தப் பேச்சை அவரும்தான் பேசினார் என்பது அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும்.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்தது என்று தெரியவில்லை. "மேலயிருந்து வந்துச்சுனு சொல்றீகள்ல. வாய்க்கால் வழியே போய்ப் பாத்துட்டு வருவோம். நானும் வர்றேன்" என்றேன். நான்தான் காரணம் என்றால் அதையும் தெரிந்துகொள்வோம் என்று இருந்தது. தெரியாமல் இருப்பதைத் தாங்க முடியாத இடத்துக்கு வந்திருந்தேன்.

என் வீட்டுக்காரர் எழுந்தார். "போவோம்" என்றார்.

மறுநாள் விடிந்ததும் கிளம்பினோம். கீழூர்க்காரர்கள் இருவர், மதினியின் வீட்டுக்காரர், நாங்கள் இரண்டு பேர். கூட வருகிறேன் என்று மதினியும் வந்தாள். ஏன் வந்தாள் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

வரத்து வாய்க்கால் ஓரமாகவே நடந்தோம். வாய்க்காலின் வளைவுகளில் எல்லாம் வெங்காயத்தாமரை சொருகிக் கிடந்தது. எங்கள் கண்மாய்க்கு மேலே இருந்த கண்மாயில் போய் ஏறியதும் எல்லோரும் நின்றுவிட்டோம். தண்ணீரே தெரியவில்லை. செடிகள் இடுப்பு உயரத்துக்கு நின்றன. எங்கள் கண்மாயில் இருந்தது அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

டவுன் ஓடை வந்து விழுகிற கண்மாய் அது. தெருச் சாக்கடை, சந்தைக் கழிவு, சுற்று வயல்களில் போட்ட யூரியா கரைந்த தண்ணீர் எல்லாம் அதில்தான் சேர்ந்தது. ஓடை விழுகிற வாயில்தான் செடி எல்லாவற்றையும்விடக் கொழுத்திருந்தது. இலை உள்ளங்கையைவிடப் பெரிது, பச்சை கருத்துப் போயிருந்தது.

படித்துறையில் ஒரு பெண்ணும் அவள் அம்மாவும், செடியைக் கழியால் தள்ளி ஒதுக்கி வைத்துக்கொண்டு துவைத்தார்கள். கீழூர்க்காரர் அந்த அம்மாவிடம் கேட்டார்: "இது எப்ப வந்துச்சு ஆத்தா இங்க?"

"அது கெடக்கு அப்பு ரொம்ப காலமா" என்று சொல்லி அந்த அம்மா கொஞ்சம் யோசித்தாள். "இந்தா இவ வயசுக்கு வந்த வருசம். சடங்குக்குப் பந்தல்ல கட்ட இந்தப் பூவைத்தான் பறிச்சாக. புதுசா இருக்கேனு எல்லாரும் பாத்தாக."

நான் துவைத்துக்கொண்டிருந்த மகளிடம் கேட்டேன்: "உங்களுக்கு எத்தனை பிள்ளைக?"

"ரெண்டு. மூத்தவன் நாலாப்பு படிக்கிறான்" என்றாள்.

என் மூத்தவன் ஒன்றாம் வகுப்பு. அவள் மகன் நாலாம் வகுப்பு. அவள் வயசுக்கு வந்தது தன் கல்யாணத்துக்கும் எத்தனையோ வருடம் முன்னால். அப்போது நான் மலையில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த சின்னப்பிள்ளை. அந்த வாளி, அந்த பஸ், அந்தக் கல்யாணம் எதுவும் அப்போது இல்லை.

படியில் உட்கார்ந்து தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டேன். அப்படியும் போதாமல் இன்னொரு தடவை அள்ளினேன். மதினி வந்து என் பக்கத்துப் படியில் உட்கார்ந்தாள். தன் பசுவைக் கொன்றது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளத்தான் அவளும் வந்திருக்கிறாள் என்று அப்போது புரிந்தது.

கீழூர்க்காரர் விடாமல் கேட்டார்: "யாரு கொண்டாந்தா இங்க?"

அந்த அம்மா சொன்னாள், மீன் குத்தகைக்காரர் என்று. வேறு எந்தப் பக்கத்துக் கண்மாயிலோ மீன் பிடித்துவிட்டு, ஈர வலையையும் பரிசலையும் அப்படியே லாரியில் போட்டுக் கொண்டு வந்து இங்கே இறக்கினாராம். மீன்குஞ்சு கொண்டு வந்த பானைத் தண்ணீரிலேயே இருந்தது என்று மகள் சொன்னாள். அங்கே மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்தவர், அதெல்லாம் இல்லை, டவுனில் ஒரு பெரிய வீட்டுத் தோட்டத்துத் தொட்டியைக் கழுவி ஓடையில் கொட்டினார்கள் என்றார். வாத்து மேய்க்க வந்தவர்கள்தான் என்று இன்னொருவர் சொன்னார். அந்த ஊரில் அதற்காக ஒரு வாத்துக்காரரை ஒரு தடவை அடிக்கவும் போயிருக்கிறார்கள். எனக்கு அந்த முகம் தெரியாத வாத்துக்காரர் மேல் பாவமாக இருந்தது.

"அப்ப இத்தனை வருசம் உங்க கண்மாயிலயே கெடந்தது, எங்க ஊருக்கு ஏன் அப்பவே வரல?" என்று மதினியின் வீட்டுக்காரர் கேட்டார்.

"இது நிரம்புனாத்தானே அண்ணே உங்களுக்கு வரும். நடுவுல எத்தனை வருசம் மழையே இல்லையே" என்றார் மாடு குளிப்பாட்டியவர்.

அவர் சொன்னது எங்களுக்கும் ஞாபகம் வந்தது. எல்லாக் கண்மாயும் நிரம்பி வழிந்த அந்த வருடத்துக்கு அடுத்த தையில்தான் நான் அந்த முதல் பூவைப் பார்த்தேன்.

டவுனைத் தாண்டியும் போய்ப் பார்த்துவிடுவோம் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். குரங்கணி போகிற ஜீப் ஒன்றில் ஏறி, எங்கள் கண்மாய்களுக்குத் தண்ணீர் தருகிற ஆறு மலையை விட்டு இறங்குகிற இடத்தில் இறங்கினோம். அங்கே தண்ணீர் தெளிவாக, கூழாங்கல் தெரிய ஓடியது. பாறைக்கு நடுவே தேங்கிய ஒரு மடுவில் யாரோ கொண்டு வந்து விட்ட நாலைந்து செடி இருந்தது. விரல் நீளம்தான். இலை வெளுத்துச் சோகை பிடித்த பிள்ளை மாதிரி இருந்தது. பூவே இல்லை.

"இங்க இதுக்குத் தீனி இல்ல" என்றார் என் வீட்டுக்காரர். "அங்க நம்மளே ஊட்டி வளக்குறோம்."

கீழூர்க்காரர் அந்தச் செடிகளைப் பிடுங்கிப் பாறையில் வெயிலில் போட்டார். பிறகு எங்களைப் பார்த்து, "சரி மாமா. உங்க மேல குத்தமில்ல. இனி என்ன செய்றதுனு பாப்போம்" என்றார்.

திரும்பும்போது பஸ் ஸ்டாண்டிலிருந்து ஊருக்கு நடந்தே வந்தோம். மற்றவர்கள் முன்னால் போக, நாங்கள் இரண்டு பேரும் பின்தங்கினோம். அவராகப் பேச ஆரம்பித்தார்.

"நான் ஒரு வார்த்தை உனக்காகப் பேசலைனு உனக்குக் கோவம்."

"கோவமில்ல. வருத்தம்" என்றேன்.

கொஞ்ச தூரம் நடந்தபின் சொன்னார்: "நீ பிரசவத்துக்குப் போயிருந்தப்ப தொட்டியைக் கழுவி ஊத்தினது நான். அடியில பாசியும் சேறுமா இருந்துச்சு. அதுல செடி இருந்துச்சா இல்லையானு நான் பாக்கல. கண்மாயில பூ பூத்ததும் எனக்கு ஈரக்கொலை நடுங்கிருச்சு. பேசுனா, யாரு கழுவுனானு கேப்பாங்க. நான்தான்னு சொல்லத் தைரியம் வரல. இல்லைனு பொய் சொல்லவும் வரல."

நான் நின்றுவிட்டேன். இத்தனை வருடம் அவர் என்னைச் சந்தேகப்படுகிறார் என்று நினைத்திருந்தேன். அவர் சந்தேகப்பட்டது தன்னையேதான். ஒரே வீட்டில், ஒரே பாயில், ஆளுக்கு ஒரு பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு இரண்டு பேரும் ஒரே பயத்தைத் தனித்தனியாகச் சுமந்திருக்கிறோம்.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்" என்றேன்.

"சொல்லியிருக்கலாம்" என்று ஒத்துக்கொண்டார்.

எனக்குக் கோபம் வர வேண்டும்தான். வந்தது நிம்மதி மட்டும். தலையிலிருந்து யாரோ புல்லுக்கட்டை இறக்கி வைத்த பிறகு கழுத்து தானாக மேலே எழும்புமே, அப்படி இருந்தது. அவர் முகத்திலும் அதே நிம்மதியைப் பார்த்தேன். அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து, மாமியார் போட்ட சோற்றை மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன். "மெதுவா ஆத்தா" என்று சொல்லிக்கொண்டே குழம்பு ஊற்றினார். அவருக்கு எல்லாம் அதற்குள் தெரிந்துவிட்டிருந்தது.

வேலை அதன் பிறகுதான் இருந்தது. அந்தக் கோடையில் தண்ணீர் வற்றி, செடிகள் சேற்றில் ஒதுங்கியபோது மூன்று ஊரும் சேர்ந்து இறங்கின. முதலில் மேல்கண்மாய், பிறகு எங்களுடையது, பிறகு கீழ்க் கண்மாய். மேலே சுத்தம் பண்ணாமல் கீழே பண்ணினால் அடுத்த வெள்ளத்தில் திரும்ப வந்துவிடும் என்று அந்த நடைக்குப் பிறகு எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அள்ளியதைக் கரைக்கு வெளியே கொண்டு போய்க் காயவைத்து எரித்தோம், குழி வெட்டிப் புதைத்தோம். எருவுக்கு ஆகும் என்று மாட்டு வண்டியில் ஏற்றி வீட்டுக் கிணற்றடிக்குக் கொண்டு போக யாரையும் விடவில்லை. மீன் குத்தகைக்கு வருகிறவர் வலையைக் கரையிலேயே விரித்து நன்றாகக் காய்ந்தபின்தான் தண்ணீரில் போட வேண்டும் என்று மூன்று ஊரும் பேசி வைத்தன. ஓடைத் தண்ணீரைத் திருப்ப மட்டும் எங்களால் முடியவில்லை. எழுதிப் போட்ட மனுக்களுக்குப் பதில் வரவில்லை.

அதனால் செடி அடியோடு போய்விடவில்லை. ஒவ்வொரு மழைக்கும் பின்னால் வாய்க்காலில் பத்து இருபது வந்து ஒதுங்கும். அதற்கென்று தை பிறந்ததும் ஒரு நாள் வீட்டுக்கு ஒருவர் போய்க் கையால் பொறுக்குவோம். பொறுக்கப் போகாத வீடு கண்மாய் மீனில் பங்கு கேட்கக் கூடாது என்று பேச்சு. பத்து பேர் இறங்கினால் மதியத்துக்குள் முடிந்துவிடும் வேலை.

அடுத்த வருடத்து நடவில் கடைசி வயல் வரை தண்ணீர் போனது. அந்த வயல்காரர் மடையிலிருந்து தண்ணீரோடு கூடவே நடந்து வந்து, அது தன் வரப்பைத் தொடுகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றாராம்.

மதினி என்னிடம் எதற்கும் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. அவளுக்குப் போனது பசு, அதைத் திருப்பித் தர யாரும் இல்லை. அந்தப் பசுவின் கன்றுதான் வளர்ந்து இப்போது சினையாக நின்றது. ஒரு நாள் சாயங்காலம் எங்கள் வாசலுக்கு வந்து நின்று, என்றைக்கும் பேசிக்கொண்டே இருக்கிறவளைப் போல, "நாளைக்கு எம் மகளுக்குக் காது குத்துறோம். சோலி கெடக்குனு சொல்லிறாத. காலையிலயே வந்துரு, தட்டு எடுக்க ஆளில்ல" என்றாள்.

"வர்றேன் மதினி" என்றேன்.

மறுநாள் குளித்துப் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போனேன். வெற்றிலைத் தட்டை என் கையில் கொடுத்து வரிசையில் முதல் ஆளாக நிற்கவைத்தாள். ஆசாரி ஊசியை எடுத்ததும் குழந்தை அலறியது. மதினி அதை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, "கண்ணைப் பொத்து, கண்ணைப் பொத்து" என்று என்னிடம் சொன்னாள். நான் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் குழந்தையின் கண்களைப் பொத்தினேன். காது குத்தி முடிந்ததும் அது என் இடுப்புக்குத் தாவி, என் தோளில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, சாப்பாட்டுப் பந்தி முடிகிற வரைக்கும் இறங்கவே இல்லை.